கோழியிறைச்சியைச் சமைப்பதற்கு முன் கழுவ வேண்டுமா, கழுவக் கூடாதா?

பொகவந்தலாவை மருமகள்:

அனைவருக்கும் வணக்கம். கடையில் வாங்கி வரும் கோழியைச் சட்டியில் போடுவதற்கு முன் கழுவ வேண்டுமா, கழுவாமல் விட வேண்டுமா என்று எங்கள் வீட்டில் சில வாரங்களாக முடிவு காண முடியாமல் இருக்கின்றோம். எட்டு மாதக் குழந்தை தவழத் தொடங்கியிருக்கும் வீட்டில் இதை நான் சிறிய விடயமாக நினைக்கவில்லை. ஆகையால்தான் விரிவாக எழுதுகின்றேன்.

என் கணவரின் தாயார் முப்பது வருடங்களுக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். நாங்கள் ஏழு பேர்ச்சஸ் காணியில் கட்டிய தனி வீட்டுக்கு வந்துவிட்டாலும், அத்தை இன்னமும் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான பழைய லயத்திலேயே இருக்கின்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் எல்லோருக்கும் சமையல். கோழியைத் துண்டு துண்டாக வெட்டி அலுமினியப் பேசினில் போட்டு, ஒரு பிடி உப்பும் மஞ்சளும் சேர்த்து, அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, ஒவ்வொரு துண்டாக எடுத்துத் தேய்த்து, லயத்துக்குப் பின்னால், எல்லா வீட்டாரும் தண்ணீர் பிடிக்கும் பீலியடிக்குக் கொண்டுபோய் மூன்று தண்ணீர் விட்டு அலசுவார். மூன்றாவது தண்ணீர் தெளிந்து வந்தால்தான் அந்த இறைச்சி அடுப்புக்குப் போகும். அவருடைய கைப்பக்குவத்தில் நான் ஒரு குறையும் கண்டதில்லை; எனக்கு இந்தக் கறியைச் சமைக்கக் கற்றுத் தந்தவரும் அவர்தான்.

சென்ற மாதம் குழந்தையைக் கிளினிக்குக் கொண்டு சென்றபோது, திட உணவு கொடுப்பதைப் பற்றிப் பேசிய மருத்துவிச்சி, "பச்சைக் கோழியைக் கழுவாதீர்கள், கிருமி சமையலறை முழுவதும் பரவும்" என்று சொன்னார். வரிசையில் பலர் காத்திருந்ததால் அதற்கு மேல் கேட்க முடியவில்லை. வீட்டில் இதைச் சொன்னபோது அத்தை கோபப்படவில்லை, ஆனால், "இரத்தமும் இறகுமாக வருவதைக் கழுவாமல் எப்படி மகள் சாப்பிடுவது?" என்று கேட்டார். எனக்கு மறுமொழி சொல்லத் தெரியவில்லை.

உப்பும் மஞ்சளும் எலுமிச்சம்பழமும் கிருமிகளைக் கொன்றுவிடுமென்றால் கழுவுவதால் என்ன தீங்கு என்பது என் முதலாவது சந்தேகம். வேக வைத்தால் கிருமி செத்துவிடும் என்கிறார்கள். ஆனால் மலையில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் என்று பாடசாலையில் படித்த நினைவு இருக்கிறது. அப்படியானால் எங்கள் கறி போதுமான அளவு சூடாகின்றதா என்பதையும் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

கொத்மலை பாட்டி:

மகள், ஐம்பது வருடங்களாகச் சமைக்கின்றேன். கழுவாத இறைச்சியை ஒரு நாளும் சட்டியில் போட்டதில்லை. எங்கள் பக்கத்துக் கடைகளில் கோழியை நம் கண் முன்னால் அறுத்து, சுடுதண்ணீரில் முக்கி, இறகு பிடுங்கும் இயந்திரத்தில் போட்டுத் தருகின்றார்கள். ஒரே சுடுதண்ணீரில் காலையிலிருந்து எத்தனை கோழிகள் முங்கி எழுந்தனவோ தெரியாது. அந்தக் கோழியின் வயிற்றுக்குள் கையை விட்டுப் பார்த்தால் விலா எலும்போடு ஒட்டிய நுரையீரல் துண்டும், கட்டிய இரத்தமும், சில நேரம் குடலின் மிச்சமும் இருக்கும். பித்தப்பை உடைந்திருந்தால் கறி முழுவதும் கசக்கும். பெரிய கடைகளில் பொலித்தீன் பையில் வரும் கோழியை வாங்குகின்றவர்கள் கழுவ வேண்டாம் என்று சொல்லலாம். கோழிக்கடைக் கோழியைத் தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். உங்கள் அத்தை கேட்ட கேள்வி நியாயமான கேள்வி.

ஓய்வுபெற்ற தாதி, நுவரெலியா:

தங்கச்சி, உங்கள் மருத்துவிச்சி சொன்னது சரி. பாட்டி சொல்வதிலும் உண்மை இருக்கின்றது. இவை இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல என்பதை விளக்குவதற்கு எனக்குக் கொஞ்சம் இடம் வேண்டும்.

நல்ல தேகத்தோடு திரியும் கோழியின் குடலிலும் கம்பைலோபக்டர், சல்மோனெல்லா என்னும் பக்டீரியாக்கள் இருக்கக்கூடும். அவற்றால் கோழிக்கு நோய் வர வேண்டும் என்பதில்லை. சுடுதண்ணீரில் முக்கும்போதும் இறகு பிடுங்கும்போதும் குடலை எடுக்கும்போதும் அவை தோல் மீதும் இறைச்சி மீதும் பரவுகின்றன. இறகு இருந்த சிறு குழிகளிலும் தோல் மடிப்புகளிலும் ஒட்டிக்கொண்ட பிறகு, நீங்கள் மூன்று தண்ணீர் விட்டாலும் முப்பது தண்ணீர் விட்டாலும் அவை முழுவதும் போய்விடுவதில்லை. மூன்றாவது தண்ணீர் தெளிந்து வருவது இரத்தம் போய்விட்டது என்பதைத்தான் காட்டும். பக்டீரியா கண்ணுக்குத் தெரிவதில்லை. அவற்றைக் கொல்வது வெப்பம். இறைச்சியின் நடுப்பகுதி 74 செல்சியஸ் பாகையை எட்டினால் அவை உயிரோடு இருப்பதில்லை.

உங்கள் பயத்துக்கு இங்கேயே பதில் இருக்கின்றது. ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீற்றர் உயரத்துக்கும் தண்ணீரின் கொதிநிலை ஒரு பாகை குறையும். நுவரெலியா நகரம் 1868 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது; இங்கே தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையில் கொதிக்கின்றது. பருப்பும் கடலையும் மசிவதற்கு நேரம் எடுப்பது அதனால்தான். ஆனால் 94 என்பது 74ஐ விட மிகவும் கூடியது. சிறு துண்டுகளாக வெட்டி அரை மணித்தியாலம் கொதிக்க விடும் நம் கோழிக்கறியில் இறைச்சி வேகாமல் இருப்பதற்கு வழியே இல்லை. முழுக் கோழியை நெருப்பில் வாட்டுகின்றவர்களும், தொடைத் துண்டைப் பெரிதாகப் பொரிக்கின்றவர்களும்தான் எலும்போரம் வெந்திருக்கின்றதா என்று பிளந்து பார்க்க வேண்டும்.

அப்படியென்றால், வேகாத எதன் மீதெல்லாம் அந்தத் தண்ணீர் தெறிக்கின்றது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும். குழாயடியில் பச்சைக் கோழியைப் பிடித்தால் நீர்த்துளிகள் எல்லாப் பக்கமும் 50 சென்ரிமீற்றருக்கு மேல் தெறிக்கக்கூடும் என்பதால், ஐக்கிய இராச்சியத்தின் உணவுத் தராதர முகவரகம் 2014ஆம் ஆண்டில் கோழியைக் கழுவ வேண்டாம் என்று ஒரு பிரசாரத்தையே நடத்தியது. 2022இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் நுணுக்கமான ஒன்றைக் காட்டியது: குழாய் உயரமாக இருக்க இருக்கத் தெறிப்பு கூடுகின்றது, தட்டையான கடினமான பரப்பை விட, தண்ணீர் விழும் இடத்தில் குழிந்து கொடுக்கும் மென்மையான கோழித்தோலில் கூடுதலாகத் தெறிக்கின்றது, தெறிக்கும் துளிகளில் பக்டீரியாவும் போகின்றது.

அதை வாசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது பீலியடிதான். நான் பிறந்து வளர்ந்ததும் லயத்தில்தான். பீலித் தண்ணீர் இடுப்புயரத்திலிருந்தோ அதற்கு மேலிருந்தோ கற்பலகையில் விழும். அதன் கீழே பேசினைப் பிடித்தால் தண்ணீர் எங்கே தெறிக்கும் என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்; பாவாடை நனையும், கால் நனையும், பக்கத்தில் முறைக்குக் காத்திருக்கும் குடங்களின் வாயும் நனையும். அந்தக் குடத்துத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கின்ற வீடு ஒன்று இருந்தாலும், உங்கள் கோழியின் கிருமி அந்த வீட்டுப் பிள்ளையின் வயிற்றுக்குப் போகலாம். ஆகையால் கோழியை எங்கே கழுவினாலும் பீலியடியில் கழுவ வேண்டாம் என்று அத்தையிடம் அன்பாகச் சொல்லுங்கள். லயத்தில் வாழ்ந்தவருக்கு, "பக்கத்து வீட்டுக் குடத்தில் தெறிக்கும்" என்று சொன்னால் ஆய்வுகளைச் சொல்வதை விட விரைவாக விளங்கும்.

கழுவாமல் விட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று எண்ணுவதும் தவறு. 2019இல் அமெரிக்க விவசாயத் திணைக்களம் வெளியிட்ட ஓர் ஆய்வில், தீங்கு செய்யாத ஒருவகைப் பக்டீரியாவைக் கோழியில் அடையாளமாகச் சேர்த்து, மக்களைச் சமைக்கச் சொல்லிப் பார்த்தார்கள். கோழியைக் கழுவியவர்களில் 60 வீதமானோரின் கழுவுத்தொட்டியில் அந்த பக்டீரியா இருந்தது. தொட்டியைச் சுத்தம் செய்த பிறகும் 14 வீதமானோரின் தொட்டியில் எஞ்சியிருந்தது. 26 வீதமானோர் அதைப் பச்சைக் காய்கறிச் சலாதுக்குள் கொண்டு போயிருந்தார்கள். ஆனால் கோழியைக் கழுவாதவர்களிலும் 31 வீதமானோரின் சலாதில் அது காணப்பட்டது. அவர்கள் கோழியைத் தொட்ட கையைச் சரியாகக் கழுவவில்லை என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். நம் வீடுகளில் சலாதுக்குப் பதிலாக வல்லாரைச் சம்பல், கரட் சம்பல், தேங்காய்ச் சம்பல் இருக்கின்றன. கோழி வெட்டிய பலகையைத் தண்ணீரில் ஒரு முறை அலசிவிட்டு, அதிலேயே வல்லாரையை நறுக்கினால், அடுப்பேறாத அந்தச் சம்பலோடு கிருமி நேராகத் தட்டுக்கு வந்துவிடும்.

எலுமிச்சம்பழத்தையும் வினாகிரியையும் மஞ்சளையும் நம்பியிருக்க வேண்டாம். அவை கவுச்சியைக் குறைக்கும், சுவையைக் கூட்டும். சமையலில் போடும் அளவில், கொஞ்ச நேரத்தில், கிருமியை நம்பத்தக்க விதத்தில் அழிப்பதில்லை. அவற்றைப் பூசி ஊற வைத்து, ஊறிய நீரோடு அப்படியே சட்டியில் போட்டால் கவுச்சியும் போகும், தெறிப்பும் இருக்காது. அத்தையின் முறையில் முக்கால் பங்கு அப்படியே இருக்கும்; அலசுவது மட்டும் இல்லாமற்போகும்.

இனிப் பாட்டி சொன்ன கோழிக்கடைக் கோழியைப் பற்றி. வெளிநாட்டு அறிவுரைகள், தொழிற்சாலையில் ஏற்கெனவே குடல் எடுத்துச் சுத்தம் செய்து குளிரூட்டிய கோழியை மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை. குடலின் மிச்சம் ஒட்டிய கோழியைச் சுத்தம் செய்யாமல் சமைக்கச் சொல்லி நான் ஒருவருக்கும் சொல்ல மாட்டேன். முதலில் கடைக்காரரிடமே உள்ளேயும் சுத்தம் செய்து, துண்டாக்கித் தரும்படி கேளுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் இறகையும் நுரையீரல் துண்டையும் கையாலும் கத்தி நுனியாலும் எடுத்து, ஈரத்தைக் கடதாசியால் ஒற்றி, அந்தக் கடதாசியை அடுப்பில் போட்டுவிடலாம். அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால், ஆழமான சட்டியில் முதலில் தண்ணீரை நிரப்பிவிட்டு, அதன் பிறகு இறைச்சியை மெதுவாக உள்ளே இறக்கி, தண்ணீருக்குள்ளேயே கையால் துழாவி எடுங்கள். குழாயைத் திறந்து இறைச்சி மீது விழ விட வேண்டாம். அழுக்குத் தண்ணீரைக் கானில், தாழ்வாகப் பிடித்து ஊற்ற வேண்டும். பிறகு சட்டி, கத்தி, பலகை, கை எல்லாவற்றையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, பலகைக்குக் கொதிதண்ணீரும் ஊற்றிவிடுங்கள். கையைக் குறைந்தது இருபது விநாடிகளாவது நுரைக்கத் தேய்க்க வேண்டும்.

பாட்டி ஐம்பது வருடமாக ஒன்றும் நடக்கவில்லை என்று எண்ணுவதற்கும் ஒரு காரணம் இருக்கின்றது. கம்பைலோபக்டர் உடலுக்குள் போய் இரண்டு முதல் ஐந்து நாட்களுக்குப் பிறகுதான் பெரும்பாலும் வயிற்றோட்டமும் காய்ச்சலும் வரும். நான் சிறுவர் விடுதியில் வேலை செய்த காலத்தில், வயிற்றோட்டத்தோடு வந்த பிள்ளையின் தாயிடம் என்ன சாப்பிடக் கொடுத்தீர்கள் என்று கேட்டால், அன்று காலையில் கொடுத்த பாணையோ முதல் நாள் இரவுச் சோற்றையோதான் சொல்வார்கள். புதன்கிழமை நோய்க்கு ஞாயிற்றுக்கிழமைக் கோழியை ஒருவரும் நினைப்பதில்லை. பெரியவர்களுக்கு அது பெரும்பாலும் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும்; எட்டு மாதக் குழந்தைக்கு ஒரே நாளில் உடல்நீர் வற்றிவிடக்கூடும். உங்கள் வீட்டில் தரையில் தவழும் பிள்ளை இருப்பதனால்தான் இத்தனை வற்புறுத்திச் சொல்கின்றேன்.

ஹட்டன் சமையற்காரர்:

தாதி அக்கா சொன்ன சம்பல் விடயத்துக்கு நான் சாட்சி சொல்ல முடியும். கல்யாண வீடுகளுக்கும் சடங்கு வீடுகளுக்கும் இருபது வருடமாகச் சமைக்கின்றேன். ஒரு சடங்கு வீட்டில் நாற்பது கிலோ கோழியை நாங்கள் நான்கு பேர் சுத்தம் செய்தோம். பெரிய கறிச்சட்டியில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கொதித்த கறி. அதில் ஒரு துண்டுகூட வேகாமல் இருக்கவில்லை. மூன்றாம் நாளிலிருந்து விருந்தினர்களில் பலருக்கு வயிற்றோட்டம் என்று செய்தி வந்தது. கறி பழுதாகிவிட்டது என்று வீட்டுக்காரர் சொன்னார். ஆனால் சைவம் சாப்பிட்டவர்களும் நோயுற்றிருந்தார்கள். கோழி அலசிய வாளியைத்தான் தண்ணீர் மாற்றி கரட்டும் லீக்சும் கழுவுவதற்கு எடுத்திருந்தோம் என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதுதான் காரணம் என்று ஆய்வுகூடம் ஒன்றும் உறுதிப்படுத்தவில்லை; என் மனதில் அது உறுதியாகவே இருக்கின்றது. அந்த வீட்டுக்காரரிடம் நான் போய் அதைச் சொன்னேன்.

அன்றிலிருந்து சிவப்பு வாளியும் சிவப்புப் பிடிக் கத்தியும் இறைச்சிக்கு மட்டும். காய்கறி வெட்டி, சம்பலைப் பிசைந்து, மூடி வைத்த பிறகுதான் கோழிப் பை அவிழும். ஒரே பலகை இருக்கும் வீட்டுக்கும் இந்த ஒழுங்கு செலவில்லாமல் பொருந்தும்: பச்சையாகச் சாப்பிடுவதை முதலில் வெட்டுங்கள், கோழியைக் கடைசியில் வெட்டுங்கள். கழுவுவதைப் பற்றிக் கேட்டால், பையில் வரும் கோழியை நான் இப்போது கழுவுவதில்லை. நீர் வடிய விட்டு, மிளகாய்த்தூளும் உப்பும் மஞ்சளும் பிரட்டி வைத்துவிடுவேன். கறியின் சுவையில் ஒருவரும் வித்தியாசம் கண்டுபிடித்ததில்லை. தண்ணீர் குறைவதால் துண்டுகள் நன்றாக வதங்கியும் வருகின்றன. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகின்றேன்: இறைச்சி வழுவழுவென்று பிசுபிசுத்து, கெட்ட வாடை அடித்தால், அதை எலுமிச்சம்பழம் போட்டுக் கழுவிக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். கடைக்கே திருப்பிக் கொண்டு போங்கள், அல்லது புதைத்துவிடுங்கள்.

பொகவந்தலாவை மருமகள்:

தாதி அக்காவுக்கும் ஹட்டன் அண்ணனுக்கும் பாட்டிக்கும் மிக்க நன்றி. நேற்று ஞாயிற்றுக்கிழமை அத்தையிடம் பக்கத்து வீட்டுக் குடத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, பீலியடியில் எப்போதும் தன் குடத்துக்கு அடுத்ததாக எந்த வீட்டுக் குடம் இருக்கும் என்பதைச் சொல்லி, அந்த வீட்டில் கைக்குழந்தை இருப்பதை அவரே நினைவுபடுத்தினார். நேற்றுக் கோழி பீலியடிக்குப் போகவில்லை. குசினிக்குள்ளேயே பெரிய சட்டியில் தண்ணீர் நிரப்பி அதில் முக்கி எடுத்தார். ஒரு தண்ணீரோடு நிறுத்துங்கள் என்றேன், இரண்டு தண்ணீர் விட்டார். வல்லாரையை நான் முன்னதாகவே நறுக்கி மூடி வைத்துவிட்டேன்.

இன்னும் ஒரு கேள்வி எஞ்சியிருக்கின்றது. உறைந்த கோழி வாங்கினால், அத்தை வீட்டில் பிரிட்ஜ் இல்லாததால், முதல் நாள் இரவே பேசினில் போட்டு வெளித் திண்ணையில் வைத்துவிடுகின்றார். இந்தக் குளிரில் ஒன்றும் ஆகாது என்பது அவருடைய எண்ணம். குளிரில் கிருமி செத்துவிடுமா?

ஓய்வுபெற்ற தாதி, நுவரெலியா:

அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இரண்டு தண்ணீரைப் பற்றி இப்போது வாதாட வேண்டாம். தெறிப்பு நின்றுவிட்டது, சம்பலும் காப்பாற்றப்பட்டது.

உறைய வைப்பதாலும் இந்தக் கிருமிகள் முழுமையாகச் சாவதில்லை. குளிர் அவற்றின் பெருக்கத்தை அடக்கி வைக்கின்றது, அவ்வளவுதான். அதற்கு 5 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும். பொகவந்தலாவையின் இரவு நமக்குக் கம்பளி கேட்கும் குளிராக இருந்தாலும் பெரும்பாலும் அந்த அளவுக்குக் கீழே போவதில்லை. காலையில் வெயில் ஏறியதும் திண்ணையில் இருக்கும் பேசின் விரைவாகச் சூடாகிவிடும். அதோடு உருகி வடியும் நீரில் பூனையும் நாயும் வாய் வைக்கலாம். உங்கள் வீட்டில் பிரிட்ஜ் இருந்தால், சனிக்கிழமை காலையிலேயே வாங்கி, பையோடு ஓர் ஆழமான சட்டியில் வைத்து, கீழ்த் தட்டில் உருக விடுங்கள். மேல் தட்டில் வைத்தால் வடியும் நீர் மற்ற உணவுகளில் சொட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை அத்தை வீட்டுக்குக் கொண்டு போனால் போதும். அவசரமென்றால், நீர் புகாதபடி பையை இறுக்கிக் கட்டிக் குளிர்ந்த தண்ணீருக்குள் அமிழ்த்தி, அரை மணித்தியாலத்துக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள். ஒரு கிலோ கோழி ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் இளகிவிடும். அப்படி இளகியதை உடனே சமைத்துவிட வேண்டும்.